துள்ளும் பிளேடு: கைமாறி வந்த 140ஜி கிரேடர் பற்றிய நிகழ்வு ஆய்வு

புகார் பெரும்பாலும் ஒரே வரிதான்: "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரோடு அலை அலையா வருது." பழைய கிரேடர் (நீண்ட பிளேடால் சாலை மண்ணைச் சமன்செய்யும் எந்திரம்) வாங்கியவர்கள் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, புகையைப் பார்த்து, டிப் ஸ்டிக்கை இழுத்து, டயரைத் தட்டிவிட்டு முன்பணம் கொடுத்திருப்பார்கள். டிப்பர் லாரியை அப்படி வாங்கலாம். கிரேடரில் காசு வருவது பிளேடின் நுனி சொன்ன உயரத்தில் நிற்பதால். எஞ்சினுக்கும் அந்த நுனிக்கும் இடையில் பத்துக்கும் மேற்பட்ட மூட்டுகள் இருக்கின்றன. முப்பது நாற்பது ஆண்டு ஓடிய எந்திரத்தில் ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிய பழுதாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்து நுனியில் வந்து ஆடும்.

இங்கே எடுத்துக்கொண்ட மாடல் காட்டர்பில்லர் 140ஜி. வரிசை எண் 72வி என்று தொடங்குவது. 3306 எஞ்சின், 150 குதிரைத்திறன், ஏறத்தாழ 13.5 டன் எடை, 12 அடி பிளேடு, நடுவில் மடியும் சட்டம், முழுக்க ஹைட்ராலிக் கட்டுப்பாடு. குறிப்பிட்ட ஒரு வண்டியின் வரலாறாக இதை எழுதவில்லை. இந்த மாடல் பல கை மாறியபின் வழக்கமாக எந்த நிலையில் வந்து நிற்கிறது, அதை எந்த வரிசையில் சோதித்து எந்த வரிசையில் சரிசெய்வது என்பதுதான் பொருள். 12ஜி, 120ஜி, 130ஜி மூன்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் பாகம் கேட்கும்போது மாடல் பெயர் மட்டும் போதாது. 61எம், 87வி, 74வி, 72வி என்ற முன்னொட்டோடு முழு வரிசை எண்ணையும் சொல்ல வேண்டும். ஒரே மாடலுக்குள்ளேயே இடைக்காலத்தில் பாகங்கள் மாறியிருக்கின்றன. எண் தகடு இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பாகம் தேடும்போது ஒவ்வொரு முறையும் அந்த மலிவுக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

அலை யாருடையது

சாலையில் தெரியும் அலை எல்லாம் கிரேடர் போட்டதாகிவிடாது. வண்டிகள் ஓடி உண்டாகும் அலை பிரேக் பிடிக்கும் இடத்திலும் வளைவிலும் மேட்டேற்றத்திலும் வரும். சமன் செய்து சில நாள் கழித்து வரும். கிராவலில் பிடிப்பு மண் குறைவாக, காய்ந்து கிடந்தால் சீக்கிரமே வரும். கிரேடர் போடும் அலை பிளேடுக்குப் பின்னாலேயே, அப்போதே, நேர்ச்சாலையிலும் தெரியும். பழைய அலையின் பள்ளத்துக்குக் கீழே வரை வெட்டாமல் மேலாகச் சுரண்டிக்கொண்டு போனாலும் அலை திரும்பும். ஏனென்றால் கெட்டியான மேடும் இளகிய பள்ளமும் அடியில் அப்படியே இருக்கின்றன. பிளேடு அவற்றின் மேல் ஏறி இறங்குகிறது. இதற்கு எந்திரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. ஸ்கேரிஃபையரை (மண்ணைக் கிளறும் பற்கள்) இறக்கிக் கிளறி, தண்ணீர் தெளித்து, மறுபடி பரப்ப வேண்டும்.

கிரேடர் போட்ட அலைதான் என்று உறுதியானால், எந்தப் பாகம் போட்டது என்பதைக் கண்டுபிடிக்க அளவு நாடா ஒன்று போதும். ஒரே இடத்தில் முதலில் மணிக்கு 4 கி.மீ. வேகத்திலும் அடுத்து 8 கி.மீ. வேகத்திலும் ஒவ்வொரு ஓட்டம் விட்டு, இரண்டிலும் அலையின் இடைவெளியை அளக்க வேண்டும். வேகத்தோடு சேர்ந்து இடைவெளியும் கூடினால், ஏதோ ஒன்று குறிப்பிட்ட கதியில் அதிர்கிறது என்று பொருள். பிளேடும் டிராபாரும் (பிளேடை முன்சட்டத்தோடு இணைத்து இழுக்கும் சட்டம்) தளர்ந்து நடுங்குவது இந்த வகை. வேகம் மாறியும் இடைவெளி மாறாவிட்டால் காரணம் உருளும் பாகத்தில் இருக்கிறது. 14.00-24 டயரின் விட்டம் ஏறத்தாழ 1.37 மீ., சுற்றளவு 4.3 மீ. நான்கு மீட்டரை ஒட்டி ஒரு மேடு வந்துகொண்டே இருந்தால் முன் டயர் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறது, அல்லது ரிம் வளைந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்திவைத்த வண்டியில் டயர் அடியில் தட்டையாகி நிற்பதும் இதே அலையைத் தரும்.

அடுத்து, செலவே இல்லாத சோதனைகள். மணிக்கு 8 கி.மீ.-ஐத் தாண்டினால் நல்ல கிரேடரும் துள்ளத் தொடங்கும். பிளேடின் கோணம் 30 முதல் 45 பாகைக்குள் இருக்க வேண்டும். நேராக வைத்துத் தள்ளினால் மண் உருளாமல் குவியும், பிளேடு நடுங்கும். பிளேடின் மேல்விளிம்பு மிகவும் பின்னால் சாய்ந்திருந்தால் எட்ஜ் (பிளேடின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் வெட்டுத் தகடு) உளிபோல மண்ணைத் தோண்டிக்கொண்டு இறங்கும், பிறகு விடுபட்டு எழும். கொஞ்சம் முன்னால் சாய்த்தால் ஓட்டம் அமைதியாகும். நான்கு டேண்டம் டயர்களிலும் (பின்னால் பக்கத்துக்கு இரண்டாக ஒன்றன்பின் ஒன்றாக உள்ளவை) காற்று ஒரே அளவு இருக்க வேண்டும். நைலான் டயருக்கு 30 முதல் 40 பிஎஸ்ஐ என்பது வழக்கம், டயரின் பிளை (அடுக்கு) எண்ணைப் பொறுத்து. கல்லுபோல அடித்துவைத்தால் துள்ளும். மிகவும் குறைத்தால் ஆடும். இந்த நான்கையும் சரிசெய்தாலே பாதிப் புகார்கள் தீர்ந்துபோகும். மீதிப் பாதிக்குத்தான் பட்டறை.

ஆட்டத்தை அளப்பது

கான்கிரீட் தரையில் வண்டியை நேராக நிறுத்தி, நடு மடிப்பின் பூட்டுக் கம்பியை மாட்டி, முன் சக்கரங்களைச் சாய்க்காமல் நிமிர்த்தி, டயர்களுக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக் போட வேண்டும். பிளேடைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, இரு பக்கமும் அடியில் மரக்கட்டை கொடுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திய பிறகே கிட்டே போக வேண்டும். எத்தனை தடவை செய்திருந்தாலும் கட்டை இல்லாத பிளேடுக்கு அடியில் காலை நீட்டுவது கூடாது.

முதலில் ஒவ்வொரு மூட்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு மூட்டின் இரு பக்கத்துப் பாகங்களின் மேலும் தொடர்ச்சியாகப் போக வேண்டும். டிராபாரின் முன்முனைப் பந்து மூட்டு, சர்க்கிளும் (பிளேடைத் திருப்பும் பெரிய பல்வளையம்) ஷூவும் (அந்த வளையத்தைத் தாங்கிப் பிடிப்பவை) தொடும் இடங்கள், தூக்கும் சிலிண்டர்களின் அடிக்குமிழ்கள், பிளேடின் பின்னால் உள்ள மேல் ரெயில், கீழ் ரெயில் என்று எல்லாவற்றிலும். பிறகு ஒருவர் பிளேடின் நுனியில் கடப்பாரையை வைத்து முன்னும் பின்னும் நெம்ப, இன்னொருவர் எட்ட நின்று கோடுகளைப் பார்க்க வேண்டும். எந்தக் கோடு பிளந்து விலகுகிறதோ அந்த மூட்டு தளர்வு. விரலை விட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல். இடுக்கில் விரல் போகாது, இரண்டு மூட்டு ஒரே நேரத்தில் நகர்வதும் கண்ணுக்குத் தெரியும்.

மேலும் கீழுமான ஆட்டத்துக்கு வேறு முறை. கட்டையை எடுத்துவிட்டுப் பிளேடைத் தரையில் படும் அளவுக்கு இறக்கி, பக்கத்துக்கொரு டயல் கேஜை (சிறு நகர்வையும் முள்ளில் காட்டும் கருவி) எட்ஜின் மேல் நிறுத்தி, தூக்கும் லீவரை மெதுவாக இழுக்க வேண்டும். சிலிண்டர் தண்டு நகரத் தொடங்கி, எட்ஜ் எழுவதற்கு முன் எவ்வளவு தூரம் வீணாகப் போகிறதோ அதுதான் ஆட்டம். தண்டில் ஒட்டிய டேப்பே அந்தத் தூரத்தைக் காட்டும்.

சிறு ஆட்டம் எப்படிப் பெரிதாகிறது என்பதற்கு ஒரு கணக்கு. சர்க்கிளின் விட்டம் ஏறத்தாழ 1.5 மீ.; ஆரம் 0.75 மீ. பிளேடின் நுனி நடுவிலிருந்து 1.83 மீ. தள்ளி இருக்கிறது. சர்க்கிளின் பல்லுக்கும் அதைச் சுற்றும் சிறு சக்கரமான பினியனுக்கும் இடையில் 3 மி.மீ. தளர்வு இருந்தால் நுனியில் அது 7 மி.மீ.-க்கு மேல். ரெயிலில் 3 மி.மீ., பந்து மூட்டில் 3 மி.மீ. என்று சேர்த்துக்கொண்டே போனால், யாரும் பெரிய பழுது என்று சொல்லாத ஒரு வண்டி விரற்கடை அளவு ஆடுவதில் வியப்பில்லை. கிராவல் சாலையில் 4 விழுக்காடு சரிவு பிடிக்கும்போது இது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வெட் மிக்ஸ் (தார் போடும்முன் அடியில் பரப்பும் ஈரமான ஜல்லிக் கலவை) பரப்பும்போது மட்டத்தில் கூடக் குறைய 10 மி.மீ. மட்டுமே அனுமதி, அங்கே இந்த வண்டி தோற்றுவிடும். பழைய கிரேடர் வாங்குபவர் அதை எந்த வேலைக்கு வாங்குகிறார் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஏரிக்கரையும் கிராவல் பாதையும் மட்டும் என்றால் கீழே சொல்லும் வேலைகளில் பாதியைத் தள்ளிப்போடலாம்.

பந்திலிருந்து எட்ஜ் வரை

சரிசெய்யும் வரிசை முன்னாலிருந்து பின்னால், மேலிருந்து கீழ். பந்து மூட்டு, சர்க்கிள், தூக்கும் சிலிண்டர் குமிழ்கள், பிளேடு ரெயில், கடைசியில் எட்ஜ். பலர் எட்ஜைப் புதிதாகப் போட்டுவிட்டு மேலே போகிறார்கள். மேலே ஆட்டம் இருக்கும்வரை கீழே செய்த அளவு எதற்கும் பொருளில்லை.

பந்து மூட்டின் மூடிக்கு அடியில் ஷிம் தகடுகள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, போல்ட்டை முழுக்க முறுக்கி, டிராபாரை நெம்பிப் பார்க்க வேண்டும். இறுக்கமும் கூடாது, குலுக்கமும் கூடாது. நேராக இருக்கும்போது சரியாகவும், பிளேடைப் பக்கவாட்டில் முழுக்க நகர்த்தினால் இறுக்கமாகவும் இருந்தால் பந்து வட்டம் இழந்துவிட்டது. அதன் மேல் வெல்டிங் ஏற்றி லேத்தில் கடைந்து தருகிறோம் என்பார்கள். கோளத்தைச் சரியாகக் கடையத் தெரிந்த கை குறைவு. வெல்டிங் ஏற்றிய மேற்பரப்பு குழியையும் தின்றுவிடும். பந்தையும் குழியையும் ஜோடியாக மாற்றுவதே மேல்.

சர்க்கிள்தான் வேலையின் மையம். முதலில் சேறும் கிரீஸும் கல்தூளும் கலந்து கெட்டியான கட்டியைச் சுரண்டி, தண்ணீர் அடித்துக் கழுவி, காயவிட வேண்டும். சர்க்கிளுக்குக் கிரீஸ் பூசும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் பூசுகிறார்கள். ஆனால் கிரீஸில் ஒட்டும் மணல் பல்லையும் ஷூவையும் அரம் போல ராவித் தின்கிறது. சுத்தமாக, உலர்வாக ஓடவிடலாம். சத்தம் தாங்கவில்லையென்றால் ஒட்டாத உலர் கிராஃபைட் தெளிக்கலாம்.

கழுவியபின் சர்க்கிளை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு ஷூவிலும் ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து இடைவெளியைக் குறிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான பட்டறைகள் தவறுகின்றன. கிரேடர் வாழ்நாளில் பெரும்பகுதி ஒரே பக்கமாகக் கோணம் வைத்து வேலை செய்கிறது. அதனால் சர்க்கிளின் ஒரு வளைவு மட்டும் அதிகமாகத் தேய்கிறது, மறுபக்கம் ஏறத்தாழப் புதிதாகவே கிடக்கிறது. வேலை செய்யும் கோணத்தில் நிறுத்தி ஷூக்களை இறுக்கினால் அங்கே கச்சிதமாக இருக்கும். ஒருநாள் ஆபரேட்டர் பிளேடை மறுபக்கம் திருப்பும்போது தேயாத பகுதி ஷூவுக்குள் வந்து சிக்கும். ஹைட்ராலிக் மோட்டார் விடாமல் தள்ளும். சர்க்கிளைச் சுற்றும் வார்ம் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வெண்கலச் சக்கரம் பல்லிழக்கும். சரிசெய்ய வேண்டியது மிகக் குறைவான இடைவெளி காட்டிய இடத்தில். அங்கே கையேடு சொல்லும் அளவை வைத்தால், தேய்ந்த இடத்தில் வரும் கூடுதல் தளர்வை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதைத் தாங்க முடியாத வேலை என்றால் சர்க்கிளே மாற்ற வேண்டும், இடைவழி இல்லை.

ஷூவில் இரண்டு சரிசெய்தல்கள். மேல்கீழ் இடைவெளியை ஷிம் தீர்மானிக்கிறது. பக்கவாட்டில் ஷூவை உள்ளே தள்ளுவது சர்க்கிளின் மையத்தையே நகர்த்துகிறது. கூடவே பினியன் பல்லுக்குள் எவ்வளவு ஆழம் கடிக்கிறது என்பதும் மாறுகிறது. ஆகவே ஒரு பக்கத்து ஷூவை மட்டும் முழுக்க முறுக்கிவிட்டு ஆட்டம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. எதிரெதிர் ஷூக்களைச் சம அளவில் நகர்த்தி, நடுநடுவே சுற்றிப் பார்த்து, கடைசியில் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். முடித்ததும் இன்னொரு முழுச் சுற்று. எங்கும் மோட்டாரின் சத்தம் மாறக் கூடாது.

வார்ம் கியர்பாக்ஸின் எண்ணெயைக் கொஞ்சம் வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் காட்டினால் தெரிந்துவிடும். பொன்னிறத் தூள் மின்னினால் வெண்கலச் சக்கரம் தேய்கிறது. கொஞ்சமாக இருந்தால் எண்ணெய் மாற்றிக் கவனித்து வரலாம். செதிலாக வந்தால் திறந்தே ஆக வேண்டும்.

தூக்கும் சிலிண்டர்களின் குமிழ்களிலும் பந்து மூட்டின் அதே ஷிம் வேலைதான். இரண்டு பக்கமும் ஒரே நாளில் செய்ய வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமும் மறுபக்கம் தளர்வுமாக விட்டால் பிளேடு ஒருபுறம் மட்டும் தாமதமாக எழும், சரிவு பிடிக்கும் ஆபரேட்டருக்குக் கை கணக்கு தப்பும்.

பிளேடு பக்கவாட்டில் வழுக்கும் மேல் ரெயிலிலும் கீழ் ரெயிலிலும் தேய்மானப் பட்டைகள் உண்டு. இவை தேய்ந்து முடிந்தபின்னும் ஓட்டினால் ரெயிலே தேயும். பட்டையின் விலை எங்கே, ரெயிலின் விலை எங்கே. பட்டைகளை உள்ளூரில் கன்மெட்டலில் வார்த்து இழைத்துப் போடலாம், நன்றாகவே உழைக்கும். போடும்முன் பிளேடின் நீளத்துக்கு நூல் கட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் வளைந்த பிளேடுக்குப் புதுப் பட்டை போட்டால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் சிக்கும்.

கட்டிங் எட்ஜ் 6 அடி நீளத்தில் இரண்டு. போல்ட் துளைகள் 6 அங்குல இடைவெளியில். இரு விளிம்பும் கூர் உள்ள வளைந்த எட்ஜானால், ஒரு விளிம்பு தேய்ந்தபின் தலைகீழாகத் திருப்பிப் போடலாம். திருப்புவதற்கு எப்போதும் தாமதமாகிவிடுகிறது என்பதுதான் குறை. பிளேடின் அடிவிளிம்புக்கு இன்னும் ஒரு விரற்கடை இருக்கும்போதே திருப்ப வேண்டும். அதைத் தாண்டினால் பிளேடே மண்ணில் உரசித் தேயும். துளைகளைச் சுற்றி மெலியும். பிறகு புது எட்ஜ் உட்காரவே சமமான தளம் கிடைக்காது. போடும் முறையில் ஒரு சிறு நுணுக்கம்: பழைய துருவையும் வெல்டிங் முடிச்சுகளையும் கிரைண்டரில் எடுத்துத் தளத்தைச் சமன்செய்து, நட்டை முறுக்கிக்கொண்டே போல்ட்டின் தலையில் சுத்தியால் ஓர் அடி போட வேண்டும். சதுரக் கழுத்து துளையில் முழுக்க இறங்கும். முதல் நாள் வேலை முடிந்ததும் எல்லா நட்டையும் மறுபடி முறுக்க வேண்டும். இதைச் செய்யாத வண்டியில் எட்ஜ் தனியாக நடுங்கும், அதன் ஓசையைப் பிளேடு ஆட்டம் என்று தப்பாக எடுத்துக்கொண்டு மேலே எல்லாவற்றையும் கழற்றுவார்கள்.

டேண்டம்

டேண்டம் பெட்டிக்குள் ஒரு பக்கத்துக்கு இரண்டு செயின்கள், ஒன்று முன் சக்கரத்துக்கு, ஒன்று பின் சக்கரத்துக்கு. இரண்டும் ஒரே அச்சிலிருந்து ஓடுவதால் ஒரு பக்கத்து இரு டயர்களும் எப்போதும் ஒரே சுற்று சுற்றும். இதிலிருந்து உரிமையாளருக்கு ஒரு கட்டளை: ஒரு டேண்டத்தில் ஒரு புது டயரும் ஒரு வழுக்கை டயரும் சேர்த்து மாட்டக் கூடாது. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிகத் தூரம் போகப் பார்க்கும், சின்ன டயர் விடாது. இழுபறி முழுவதும் செயினில் போய் விழும். கெட்டித் தரையில் ஓட்டினால் பின்பக்கத்தில் 'டக் டக்' என்று செயின் இறுகி விடுபடும் சத்தம் கேட்கும். புது டயர் இரண்டே வாங்க முடியும் என்றால் இரண்டையும் ஒரே பக்கத்தில் மாட்டி, மறுபக்கத்துக்குத் தேய்ந்தவற்றை ஜோடியாக வைப்பது செயினுக்கு நல்லது. டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் டிஜி (TG) என்ற எழுத்தைப் பார்க்கவும்; கிரேடர் ரிம்முக்கான டயர் அதுதான். அளவெண் ஒன்றாக இருக்கிறது என்று லோடர் டயரை மாட்டினால் ரிம்மில் சரியாக உட்காராது.

பெட்டியின் எண்ணெயை வண்டி இரவெல்லாம் நின்றபின் காலையில் அடைப்பைத் தளர்த்தி எடுக்க வேண்டும். முதலில் தண்ணீர் வந்தால் மேல்மூடியின் கேஸ்கட் வழியாக மழைநீர் போகிறது. இது மிகச் சாதாரணம். அதனாலேயே கவனிக்காமல் விடப்படுகிறது. தண்ணீர் பட்ட செயினின் இணைப்புகள் துருப்பிடித்து விறைக்கும். பல்சக்கரத்தில் ஏறும்போது மடியாமல் துள்ளும். மூடியைத் திறந்து, நீளமான ஒரு பகுதியில் பத்துப் பன்னிரண்டு இணைப்புகளைச் சேர்த்து அளந்து, புதுச் செயினின் இணைப்பு நீளத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது தெரியும். ஓர் இணைப்பை மட்டும் அளப்பது ஏமாற்றும். பல்சக்கரத்தின் பல் கொக்கி போல வளைந்திருந்தால் செயினை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

டேண்டம் தொங்கி ஆடும் நடு மூட்டின் தேய்மானத்தைப் பார்க்க, பின்சட்டத்தை ஜாக்கியில் ஏற்றி, டயரை மேலும் கீழும் உதைக்காமல் பக்கவாட்டில் நெம்ப வேண்டும். பெட்டி உள்ளும் புறமுமாக நகர்ந்தால் தேய்மானத் தகடு போய்விட்டது. இந்த வேலைக்கு டேண்டத்தையே கழற்ற வேண்டும். கிரேனும் கட்டைகளும் பல நாள் நேரமும் வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு இயல்பான காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் சாலை வேலை எப்படியும் நின்றுவிடும். தையில் வேலை தொடங்கும்போது கழற்றினால் சீசனே போய்விடும்.

தானாக இறங்கும் பிளேடு

எஞ்சின் நின்றபின் பிளேடு மெல்லக் கீழே வருவது இன்னொரு வழக்கமான புகார். தூக்கும் இணைப்பில், எண்ணெயை அடைத்துப் பிளேடை நிறுத்திவைக்கும் பூட்டு வால்வு இருக்கிறது. பழுது அதிலா, சிலிண்டருக்குள் பிஸ்டன் சீலிலா என்று பிரிக்காமல் சீல் கிட் வாங்கிவிடுகிறார்கள். பிரிக்கும் முறை எளிது. பிளேடைக் கட்டையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி அழுத்தத்தை வெளியேற்றி, பிளேடு குமிழிலிருந்து சிலிண்டரைக் கழற்றி, தண்டு முழுக்க உள்ளே இருக்கும்படி வைக்க வேண்டும். தலைப்பக்கத்து ஹோஸை அவிழ்த்து, ஹோஸின் முனையை அடைத்து, சிலிண்டரின் திறந்த வாயின் கீழ் ஒரு பாத்திரம் வைக்க வேண்டும். எல்லாரும் எட்ட நின்றபின் எஞ்சினை ஓட்டி, தண்டை இன்னும் உள்ளே இழுக்கும் பக்கம் மட்டும் அழுத்தம் கொடுத்தால், திறந்த வாயிலிருந்து எண்ணெய் விடாமல் ஒழுகுகிறதா பார்க்கலாம். ஒழுகினால் பிஸ்டன் சீல். முதலில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் சீல் நன்றாக இருக்கிறது. வால்வைத் திறந்து அதன் இருக்கையைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு மணல்துகள் போதும், மூடாமல் வைக்க.

சீல் மாற்றும்முன் தண்டின் குரோமைப் பார்க்கவும். கடற்கரை ஊர்களில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று குரோமில் ஊசிப்புள்ளிக் குழிகளை உண்டாக்கும். அந்தத் தண்டு புதுச் சீலைச் சில வாரத்தில் கிழித்துவிடும். தூக்கும் சிலிண்டரில் பிளேடு இறங்கினால் தண்டு வெளியே வரும் அமைப்பு. ஆகவே நெடுநாள் நிறுத்தும்போது பிளேடை உயரமான மரக்கட்டைகளின் மேல் உட்காரவைத்தால் தண்டின் பெரும்பகுதி உள்ளே மறைந்திருக்கும். வெளியே தெரியும் மீதியில் கிரீஸ் தடவலாம். செலவில்லாத வேலை, கிட்டத்தட்ட யாரும் செய்வதில்லை.

கியரும் எஞ்சினும்

140ஜி-யில் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் பாகம்) கிடையாது. எஞ்சின் நேரடியாகப் பவர்ஷிஃப்ட் (ஹைட்ராலிக் கிளட்ச்களால் மாறும்) கியருக்குப் போகிறது, முன்னால் ஆறு, பின்னால் ஆறு. அதனால்தான் சாலையில் ஒரே சீராக ஓடுகிறது. ஆனால் இடது காலின் இன்ச்சிங் பெடலை (வண்டியை மெல்ல நகர்த்த உதவும் கிளட்ச் மிதி) பாதி மிதித்தபடியே ஓட்டும் ஆபரேட்டர், கிளட்ச் தகடுகளை அரைத்துக்கொண்டே இருக்கிறார். லோடர் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் பழக்கம் வரும். கியர் ஃபில்டரை மாற்றும்போது பழையதைக் குப்பையில் போடாமல் வெட்டித் தாளை விரித்துப் பார்க்க வேண்டும். வெண்கலத் தூள் தெரிந்தால் கிளட்ச். காந்தத்தில் ஒட்டும் இரும்புச் செதில் என்றால் பேரிங் அல்லது பல். எண்ணெய் டிஓ-4 (TO-4) தரத்தில், நம் வெப்பத்துக்கு எஸ்ஏஇ 30. எஞ்சினுக்கு வாங்கிய 15டபிள்யூ-40 மீதியிருக்கிறது என்று இதில் ஊற்றினால் தகடுகள் வழுக்கும்.

3306 எஞ்சின் கெட்டி ஜாதி. 121 மி.மீ. விட்டம், 152 மி.மீ. ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர், 10.5 லிட்டர். வால்வு இடைவெளி இன்டேக் 0.38 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.64 மி.மீ.; எரியும் வரிசை 1-5-3-6-2-4. பாகமும் தெரிந்த மெக்கானிக்கும் எளிதில் கிடைக்கும். இதைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டுவது இங்கே சாதாரணம். லைனர் (பிஸ்டன் ஓடும் உருளைக் கூடு) நனைந்த வகை, அதாவது வெளிப்பக்கம் கூலன்ட் படும்; பிஸ்டன் அடிக்கும்போது லைனர் அதிர்கிறது, அதன் வெளிச்சுவரில் நீராவிக் குமிழ்கள் தோன்றி உடைகின்றன. ஒவ்வொரு உடைப்பும் உலோகத்தைக் கொஞ்சம் கொத்துகிறது. ஒரே வரிசையில் ஊசித்துளைகள் விழுந்து, கடைசியில் ஒரு துளை உள்ளே திறந்து தண்ணீர் ஆயிலில் கலக்கும். அதைத் தடுக்கத்தான் கூலன்ட்டில் 3 முதல் 6 விழுக்காடு கண்டிஷனர் சேர்க்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் உறைபனிக்குப் பயம் இல்லை என்பது இதற்குப் பதிலாகாது. "எஞ்சின் இப்போதுதான் ஓவர்ஹால்" என்று விற்பவர் சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: லைனரைக் கழற்றினீர்களா, வெளிப்பக்கம் எப்படி இருந்தது? ரிங்கும் பேரிங்கும் மட்டும் மாற்றிய எஞ்சினுக்கு ஓவர்ஹால் என்ற பெயர் தாராளம்.

2020 ஏப்ரலிலிருந்து கந்தகம் 10 பிபிஎம் மட்டுமே உள்ள டீசல் வருகிறது. பழைய பம்பின் ரப்பர் ஓ-ரிங்குகள் அதற்கு முந்தைய டீசலில் ஊறிப் பழகியவை. பம்பைச் சுற்றி ஈரம் தெரிந்தால் ஒரு ஓ-ரிங்கைத் தேடிக்கொண்டிராமல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம்.

பிரேக் காற்றில் இயங்குவது. காலையில் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீர் விடுவது ஹெல்பரின் முதல் வேலை. காற்று முழுக்க ஏறியபின் எஞ்சினை நிறுத்தி, பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தால் கசிவு தெரியும். இந்த ஒரு விஷயத்தில் உள்ளூர் மாற்று வழிகள் எதுவும் வேண்டாம். பிரேக் வால்வு, ஹோஸ், டயஃப்ரம் எல்லாம் சரியான பாகமாகவே இருக்க வேண்டும்.

எதை உள்ளூரில், எதை வெளியே

பின், புஷ், ரெயில் பட்டை, ஷிம், எட்ஜ், சக்கரம் சாய்க்கும் மூட்டின் புஷ்: எல்லாம் நல்ல லேத் பட்டறை செய்யும். புஷ்ஷுக்குக் கிரீஸ் வழி வெட்ட மறப்பதுதான் அங்கே நடக்கும் ஒரே பெரிய தவறு; கையில் வாங்கும்போதே உள்ளே விரல் விட்டுப் பார்த்துவிடலாம். ஹோஸ் உள்ளூரில் பிரஸ் செய்யலாம், பழைய ஹோஸின் முனை எந்த வகைத் திருகு என்று அளந்தபின். ஒன்றுபோலத் தோன்றும் இரு திருகுகளைக் கட்டாயப்படுத்தி முறுக்கினால் வால்வு பாடியின் திருகு போய்விடும்.

சர்க்கிள் பல்லில் வெல்டிங் ஏற்றுவது வேறு சங்கதி. ஒன்றிரண்டு பல் உடைந்திருந்தால் கைதேர்ந்த வெல்டர் பல்லின் வடிவ மாதிரித் தகடு வைத்து நிரப்பி, அச்சுக்குச் சரியாக ராவலாம். வரிசையாக இருபது பல்லுக்கு ஏற்றினால் வெப்பத்தில் சர்க்கிள் கோணும், ஷூ வேலை முழுக்கப் பாழாகும். தேய்ந்த சர்க்கிளோடு புதுப் பினியனைச் சேர்ப்பதும் கூடாது. புதுப் பல் பழைய பல்லின் தேய்ந்த வடிவத்தில் உட்காராமல் ஓரத்தில் மட்டும் கடித்து, இரண்டையும் சீக்கிரம் தின்னும். கழித்துப்போட்ட வண்டியிலிருந்து சர்க்கிளையும் பினியனையும் ஜோடியாக எடுப்பது நடைமுறையில் நல்ல வழி. வாங்கும்முன் அந்த சர்க்கிளையும் ஒரு சுற்று அளந்து பார்க்க வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் சோதனை ஓட்டம். கிளறி ஈரப்படுத்திய கிராவலில் 100 மீட்டர், மணிக்கு 4 கி.மீ., பிளேடு 40 பாகை, எட்ஜ் முழு நீளமும் மண்ணில் இருக்கும்படி. பின்னாலேயே 3 மீட்டர் நேர்மட்டக் கட்டையை நீளவாக்கில் வைத்து அடியில் தெரியும் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அதே பாதையில் எதிர்த்திசையில், பிளேடை மறுபக்கம் திருப்பி இன்னொரு ஓட்டம். இரண்டாவது ஓட்டத்தில் மட்டும் அலை வந்தால் சர்க்கிளின் அந்த வளைவில் ஷூ இடைவெளி மிச்சம் இருக்கிறது. மேல்கீழ் ஷிம்மில் மெல்லிய தகடு ஒன்றை மட்டும் எடுத்து, முழுச் சுற்று சுற்றிப் பார்த்தபின் மறுபடி ஓட்டலாம். சுற்றில் எங்காவது இறுகினால் எடுத்த தகட்டைத் திரும்பப் போட்டுவிட்டு, அந்த அலையோடு வேலைக்கு அனுப்ப வேண்டியதுதான். வெட் மிக்ஸ் வேலையை ஒப்புக்கொள்ளாமல் கிராவல் வேலைக்கு மட்டும்.